விதி கண்டவர்

பொற்கொல்லர் பொன்னைப் பறி என்பதையும், யானைப்பாகர் ஆடையைக் காரை என்பதையும், வேடர் கள்ளைச் சொல்விளம்பி என்பதையும் குழூஉக்குறி என்று வகுத்து, பள்ளிப் பிள்ளைகள் உருப்போடுவதற்கென்றே நம் இலக்கண ஆசிரியர்கள் விட்டுச்சென்ற அந்த மூன்று உதாரணங்களோடு நாலாவதாக ஒன்றைச் சேர்க்கும் அதிகாரம் எனக்கு வாய்க்குமானால், 'போட்டித் தேர்வு எழுதுவோர் பதினொன்றாம் எழுத்தின் எதிரெழுத்தைக் கோவில்பட்டி என்றல்' என்று தயங்காமல் எழுதிச் சேர்த்துவிடுவேன். இந்தப் பரிபாஷையை எனக்குக் கற்பித்தவர் எங்கள் ஊர் மாவட்ட மைய நூலகத்துத் தாழ்வாரத்தில், வேப்பமரத்து நிழல் முற்பகலில் எந்தப் பக்கம் விழுமோ அந்தப் பக்கத்துத் திண்ணையில், கடந்த ஒன்பது வருஷங்களாக எழுந்தருளியிருக்கும் ஒரு மகானுபாவர். பெற்றோர் இட்ட பெயர் அவருக்கு ஒன்று உண்டு; ஆயினும் அது நுழைவுச் சீட்டில் மட்டுமே பிரயோகமாவது. நூலகத்துக்கு வரும் பையன்களுக்கு அவர் கோடிங் அண்ணாச்சி.

இப்படிப்பட்ட ஒருவர் எங்கள் திருநெல்வேலிச் சீமைக்கு மட்டும் உரியவர் என்று யாரும் எண்ணிவிடலாகாது. மாவட்டத்துக்கொரு மைய நூலகம் இருப்பதுபோல, அந்த நூலகத்துக்கொரு வேம்போ புங்கமோ இருப்பதுபோல, அந்த மரத்தடிக்கு ஓர் அண்ணாச்சியும் இருந்தே தீருவார். மதுரைப் பக்கம் அவருக்கு அண்ணன் என்றும் சென்னையில் சீனியர் என்றும் பெயர் மாறுமே தவிர, சட்டைப்பையில் இரண்டு பேனா, கக்கத்தில் நூலால் தைத்த வெள்ளைத்தாள் கட்டு, கண்ணில் எதையோ கூட்டிக்கொண்டிருக்கும் பார்வை ஆகிய லட்சணங்கள் மாறா. பத்திரிகை படிக்கவென்று பென்ஷன்காரனாகிய நான் அங்கே போகத் தொடங்கிய முதல் வாரத்திலேயே, என் பெயரைக் கேட்டு, அதன் ஆங்கில எழுத்துக்களை மனத்துக்குள் கூட்டி, "எண்பத்தொன்று சார், ஒன்பதின் வர்க்கம்" என்று அவர் சொன்னபோது, அறுபது வருஷமாக அப்படியோர் உடைமை என்னிடம் இருந்தும் நான் அறியாமற்போனதை எண்ணி ஒரு கணம் வெட்கப்பட்டேன் என்பதை மறைப்பானேன்.

விஷயம் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லவேண்டும். ஆங்கில நெடுங்கணக்கின் இருபத்தாறு எழுத்துக்களுக்கும் ஏ ஒன்று, பி இரண்டு என வரிசையெண் கொடுத்துக்கொண்டு, ஒரு சொல்லை எண்ணாகவோ வேறெழுத்துக்களாகவோ மாற்றிக் காட்டி, 'இதற்கு இது என்றால் அதற்கு எது' என்று கேட்பதே இந்த வினாக்களின் ஸ்வரூபம். எழுத்தின் எண்ணைக் கண்டுபிடிக்க ஒவ்வொரு தடவையும் ஏ-யிலிருந்து விரல் மடக்குகிறவன் கரையேற மாட்டான். ஆகையால் ஐந்து, பத்து, பதினைந்து, இருபது, இருபத்தைந்து ஆகிய இடங்களில் நிற்கும் ஈ, ஜே, ஓ, டீ, ஒய் என்ற ஐந்தையும் 'ஈஜோட்டி' என்று ஒரே மந்திரமாக்கி ஜபிப்பது மாணாக்கர் மரபு. முன்னிருந்து எண்ணும் எண்ணையும் பின்னிருந்து எண்ணும் எண்ணையும் கூட்டினால் எப்போதும் இருபத்தேழு வருமாதலால், ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எதிரெழுத்து உண்டு. இந்த ஜோடிகளை நினைவில் நிறுத்த வடநாட்டார் சில சூத்திரங்கள் செய்துவைத்திருக்கிறார்கள். கே-க்குப் பி, கான்பூர். ஜி-க்கு டீ, கல்கத்தாவிலிருந்து வடமேற்கே போகும் ஜி.டி. ரோடு, எல்-லுக்கு ஓ, காதல். அண்ணாச்சி இவற்றைச் சுதேசியமாக்கிய வரலாறு தனியே எழுதத்தக்கது. "கான்பூரை எந்தப் பய கண்டான்? கோவில்பட்டின்னு வச்சுக்கோ" என்றார், ஜி.டி. ரோடு சென்னையிலிருந்து டில்லிக்குப் போகும் ஜி.டி. எக்ஸ்பிரஸ் ஆயிற்று, காதலைப் பெண்பிள்ளைகளும் இருக்கும் இடத்தில் உரக்கச் சொல்ல நாக்கு எழாமல் அதை லோன் என்று திருத்தி, "ரெண்டுல உறுதியா வரப்போறது இதுதாம்ல" என்று ஒரு வியாக்கியானமும் செய்தார்.

இந்தச் சிந்தனை இராப்பகலாக ஓடிக்கொண்டிருப்பதால் நேரும் சிறு சங்கடங்களுக்குக் குறைவில்லை. எதிர்க்கடைக்காரர் ஒருநாள், "அண்ணாச்சி, டீ எத்தனை?" என்று உள்ளே இருந்தபடி கேட்டார், "இருபது" என்று பதில் வந்தது, அன்று நூலகத்தில் எங்கள் ஐந்து பேருக்கும் சேர்த்து இருபது தம்ளர் வந்து இறங்கியபோது, அண்ணாச்சி அதைக் கடைக்காரரின் கணித ஞானத்துக்குச் சான்றாகக் கொண்டு மகிழ்ந்தாரே ஒழிய, காசு கொடுத்தவன் நான்.

அரசுத் தேர்வாணையத்தின் நான்காம் தொகுதித் தேர்வில் வினாக்கள் 200. அவற்றில் தமிழுக்கு 100, பொது அறிவுக்கு 75, கணக்கும் காரணவியலும் சேர்ந்த மனத்திறனுக்கு 25. காலம் மூன்று மணி நேரம். நம்மைப் போன்ற சாமானியர் இந்தக் கணக்கைக் கேட்டால் நூறு இருக்கும் பக்கம் முதலில் போவோம். அண்ணாச்சியோ அந்த இருபத்தைந்திலும் இரண்டோ மூன்றோ வரக்கூடிய எழுத்துப் புதிர்களைத் தேடிப்பிடித்து, அவற்றோடு சம்பாஷித்து முடித்த பிறகுதான் திருக்குறளையும் ஐந்தாண்டுத் திட்டத்தையும் ஏறெடுத்துப் பார்ப்பார். வங்கித் தேர்வுக்கு அவர் போவதை நிறுத்தி வெகுகாலமாயிற்று. முதல்நிலையில் முப்பத்தைந்து காரணவியல் வினாக்களுக்கு இருபதே நிமிஷம் கொடுத்து, தவறினால் கால் மதிப்பெண்ணையும் பிடித்துக்கொள்வது அவருக்கு ஒரு நாகரிகமற்ற செயலாகப்படுகிறது. "விருந்துக்குக் கூப்பிட்டு, இலையைப் போட்டு, எண்ணி முப்பது செகண்டுல எந்திரிங்கன்னா எப்படி சார்?" என்பது அவர் கட்சி.

அவருடைய மேதைமையின் உயரத்தையும், அந்த உயரத்தினாலேயே விளைந்த நஷ்டத்தையும் ஒருங்கே காட்டும் நிகழ்ச்சி ஒன்றைச் சொல்கிறேன். ஒரு பயிற்சி நிலையத்தார் நடத்திய மாதிரித் தேர்வில், பூனையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லுக்கு 24 என்றால் நாயைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லுக்கு என்ன என்று ஒரு வினா வந்தது. விடைகள் 23, 24, 25, 26. ஐந்தாவதாக, இப்போதைய வழக்கப்படி, 'விடை தெரியவில்லை' என்று ஒரு வட்டம். மரத்தடி மாணாக்கர் எல்லோரும் சி மூன்று, ஏ ஒன்று, டீ இருபது, ஆக இருபத்து நான்கு. டி நான்கு, ஓ பதினைந்து, ஜி ஏழு, ஆக இருபத்தாறு என்று கூட்டிக் கறுப்பாக்கிவிட்டு அடுத்த வினாவுக்குப் போய்விட்டார்கள். அண்ணாச்சியும் அந்த இருபத்தாறை அரை நிமிஷத்தில் கண்டார். கண்டவர், அதோடு நிற்கலாமல்லவா? இவ்வளவு சுலபமாகவா ஒருவர் வினா அமைப்பார் என்ற சந்தேகம் அவருக்குத் தோன்றிவிட்டது. வினா அமைப்பவரைத் தம்மையொத்த ரசிகராகவே எப்போதும் பாவிப்பது அவர் சுபாவம்.

மறுபடியும் பார்த்தார். பூனையின் முதலெழுத்து மூன்றாம் எழுத்து. அதன் எதிரெழுத்து இருபத்து நான்காவது! அப்படியானால் நாயின் முதலெழுத்தாகிய நாலாம் எழுத்துக்கு எதிரெழுத்து இருபத்து மூன்று. அதுவும் விடைகளில் இருக்கிறது. உடல் சிலிர்த்தது. பின்னும் பார்த்தார். மூன்றெழுத்துச் சொல், எழுத்துக்கு எட்டு வீதம் இருபத்து நான்கு, நாயும் மூன்றெழுத்துத்தானே, ஆகவே அதற்கும் இருபத்து நான்கே, அதுவும் இருக்கிறது. இனி இருபத்தைந்து ஒன்றுதான் பாக்கி. அதை அநாதையாக விட்டுவிட்டு எழ மனம் வருமா? எழுத்துக்கு ஏழு வீதம் இருபத்தொன்று, அதனோடு முதலெழுத்தின் எண்ணைக் கூட்டினால் பூனைக்கு இருபத்து நான்கு, நாய்க்கு இருபத்தைந்து. நான்கு விடைகளும் நான்கு விதிகளின்படி நிரூபணமாகி, நான்கு வேதங்கள்போல் எதிரே நின்றன. மணி அடிக்கப் பத்து நிமிஷம் இருந்தது; தமிழில் அறுபது வினாக்கள் தொடப்படாமல் கிடந்தன. நான்கும் தெரிந்தவன் ஒன்றை மட்டும் குறிப்பது மற்ற மூன்றுக்கும் செய்யும் துரோகம் என்று நெடுநேரம் ஆலோசித்து, கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு 'விடை தெரியவில்லை' என்ற வட்டத்தைக் கறுப்பாக்கினார். பிறகு அந்த நிலையத்தாருக்கு நான்கு விதிகளையும் விளக்கி நாலு பக்கக் கடிதம் ஒன்று எழுதினார். விடைத்தாளில் தமக்கு மதிப்பெண் வேண்டும் என்பதற்காக அல்ல, வினாவின் அழகை அதை அமைத்தவர் அறியாமலிருந்துவிடக் கூடாதே என்பதற்காக.

அவர் திண்ணையில் பாடம் கேட்டவர்கள் இன்று கிராம நிர்வாக அலுவலராகவும் இளநிலை உதவியாளராகவும் பல தாலுக்காக்களில் இருக்கிறார்கள். அவர்களெல்லாம் முதல் விதியோடு நின்றுகொண்டவர்கள். அண்ணாச்சி அவர்களைப் பற்றி அன்போடுதான் பேசுவார். ஆனால் சங்கீத வித்துவான் ஒருவர் தம் சிஷ்யன் கீர்த்தனைகளை மட்டும் பாடம்பண்ணிக்கொண்டு ஆலாபனை தெரியாமற் போய்விட்டதைப் பற்றிச் சொல்லும்போது குரலில் ஒரு தணிவு வருமே, அது அங்கே இருக்கும்.

சங்கீதம் என்றதும் நினைவு வருகிறது. எழுத்தை எண்ணாக்கும் வித்தை நமக்குப் புதிதல்ல என்று அவருக்குச் சொல்லிவைத்த பாவம் என்னையும், என் நண்பரான ஓய்வுபெற்ற தமிழாசிரியரையும் சேர்ந்தது. எட்டு என்பதற்கு அகரமும் கால் என்பதற்கு வகரமும் தமிழெண் குறிகளாதலால், எட்டையும் காலையும் சேர்த்து எதிராளியின் அழகை ஔவையார் பழித்ததாக வழங்கும் தனிப்பாடலை ஐயா எடுத்துரைத்தார். அதைக் கேட்ட வேகத்தில் அண்ணாச்சி ஆங்கிலத்தை ஒதுக்கிவிட்டுத் தமிழ் எழுத்துக்கள் இருநூற்று நாற்பத்தேழுக்கும் எதிரெழுத்து ஜாபிதா தயாரிக்க உட்கார்ந்து, கூட்டுத்தொகை இருநூற்று நாற்பத்தெட்டு என்பதுவரை வந்துவிட்டார். ஆய்தம் உயிர் பன்னிரண்டுக்கும் அடுத்ததா, எல்லாவற்றுக்கும் கடைசியா என்ற இடத்தில் ஐயாவுக்கும் அவருக்கும் மூண்ட விவாதம் நூலகர் வந்து எச்சரிக்கும் அளவுக்கு முற்றி, ஜாபிதா இன்றளவும் முடியவில்லை.

நான் சொன்னது கடபயாதி. ககரம் முதலாகவும் டகரம் முதலாகவும் பகரம் முதலாகவும் யகரம் முதலாகவும் வடமொழி எழுத்துக்களுக்கு எண் வகுத்து, மேளகர்த்தா ராகப் பெயரின் முதலிரண்டு எழுத்துக்களின் எண்களைத் திருப்பிப் போட்டால் அந்த மேளத்தின் எண் வரும்படி பெயர் வைத்திருக்கிறார்களல்லவா? மே ஐந்து, ச ஆறு. திருப்பினால் அறுபத்தைந்து, மேசகல்யாணி. தீ ஒன்பது, ர இரண்டு. திருப்பினால் இருபத்தொன்பது, தீரசங்கராபரணம். தமிழில் எழுதினால் நாலு தகரமும் ஒன்றாகிவிடுமாதலால் வடமொழி உச்சரிப்பை அறிந்தே கணக்குப் பார்க்கவேண்டும் என்ற தடையையும் சொன்னேன்; தடை அவருக்குத் தேன். ஒரே வாரத்தில் எழுபத்திரண்டும் பாடமாகிவிட்டன. மேளகர்த்தாக்களும் எழுபத்திரண்டு, எங்கள் ஊர் வண்டிகளின் பதிவுக் குறியும் எழுபத்திரண்டு என்பதில் ஏதோ தத்துவம் இருப்பதாக அவர் இன்றும் கருதுகிறார். அந்த வருஷம் கோயில் கொடையில் நாகசுர வித்துவான் கல்யாணியை எடுத்து, அரைமணி நேரம் ஊரையே மறக்கடித்து, பிருகாக்களை உதிர்த்து நிறுத்தியபோது, கூட்டம் மெய்ம்மறந்திருந்த அந்த நிசப்தத்தில், என் பக்கத்திலிருந்து மிகுந்த திருப்தியோடு ஒரு குரல் எழுந்தது: "அறுபத்தஞ்சு."

எழுத்தையும் எண்ணையும் இப்படிக் கூட்டுவதைப் பார்த்து, அவரைப் பெயர் ஜோதிடர் என்று எண்ணி வருகிறவர்களும் உண்டு. பெயரில் ஓர் எழுத்தைக் கூட்டிப் போட்டால் ராஜயோகம் வரும் என்று நம்பும் நாடல்லவா இது? அந்த ஜோதிட முறையொன்றில் எந்த எழுத்துக்கும் ஒன்பது என்ற மதிப்பே கிடையாது என்பது தெரிந்த நாளிலிருந்து அவருக்கு அந்தக் கூட்டத்தார்மேல் ஆறாத கோபம். "இருபத்தாறு எழுத்தையும் எட்டு எண்ணுக்குள்ள அடைச்சா, அது சாஸ்திரமா சார், டவுன் பஸ்ஸா?"

ஜீவனத்துக்கு என்ன வழி என்று கேட்பீர்கள். மாலை வேளைகளில் அக்காள் கணவரின் ஜவுளிக்கடையில் துணி எடுத்துப் போடும் வேலை ஒன்று இருந்தது; இப்போது இல்லை. அது போன விதம் பின்வருமாறு. பழைய கடைக்காரர்கள், சரக்கின் அடக்கவிலையைத் தாம் மட்டும் அறியவேண்டும் என்பதற்காக, எழுத்து இரட்டிக்காத பத்தெழுத்துச் சொல் ஒன்றைத் தேர்ந்து, முதலெழுத்து ஒன்று, இரண்டாமெழுத்து இரண்டு, பத்தாமெழுத்து சுழி என்று வைத்து, விலைச்சீட்டின் மூலையில் அந்த எழுத்துக்களால் குறித்துவைப்பதுண்டு. அத்தான் கடையிலும் அவர் தகப்பனார் காலத்திலிருந்து அப்படி ஒரு குறி இருந்தது. கூடப் பிறந்த தம்பிக்கும் அவர் அதைச் சொன்னதில்லை. சேர்ந்த நாலாம் நாள் அண்ணாச்சியின் கண்ணில் 'காவடு' என்ற சீட்டு பட்டது, அடுத்து 'மேய்டு', அதற்கடுத்து 'மேலடு'. எல்லாம் டு-வில் முடிகின்றன. மொத்தக் கொள்முதலில் விலை பெரும்பாலும் சுழியில்தான் முடியும். ஆகவே டு சுழி. பத்தாவது எழுத்து டு என்று முடியும் சொல் யாது? கல்லாப்பெட்டிக்கு மேலே மாலை போட்டிருந்த சாஸ்தா படத்தை நிமிர்ந்து பார்த்தார். படத்தின் கீழே பொன்னெழுத்தில் எழுதியிருந்தது: 'குலதெய்வமே காத்திடு.' எண்ணிப் பார்த்தார், பத்தெழுத்து, ஒன்றுகூட இரட்டிக்கவில்லை.

அந்தப் பரவசம் அடங்குமுன் மகள் சடங்குக்குப் புடவை எடுக்க வந்த ஓர் அம்மாள், ஆயிரத்து நானூறு ரூபாய்ப் புடவை ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, "கடைசி விலை சொல்லுங்க" என்றாள். வஞ்சகமோ வன்மமோ சற்றுமின்றி, ஞானத்தைப் பகிர்ந்துகொள்ளும் ஆர்வம் ஒன்றினாலேயே, அண்ணாச்சி சீட்டின் மூலையைக் காட்டி, "இங்க பாருங்கம்மா, கா ஏழு, வ அஞ்சு, டு சுழி, எழுநூத்தம்பது!" என்றார். கடையில் இருந்த ஏழெட்டுப் பெண்களும் கையிலிருந்த புடவைகளின் மூலையைத் திருப்பிப் பார்க்கத் தொடங்கினார்கள். ஐந்து நிமிஷத்தில் எழுத்தறிவித்த இறைவனாக அவர் நடுவே நின்றுகொண்டிருந்த காட்சியைத்தான் சாப்பாட்டுக்குப் போய்த் திரும்பிய அத்தான் கண்டார்.

"மாப்ளே, நீ நல்லா இருப்பே, வீட்டுக்குப் போ" என்று அவர் சொன்னதாகக் கேள்வி. இரவோடிரவாக எல்லாச் சீட்டும் மாற்றப்பட்டுப் புதிய குறி ஏற்பட்டது. மறுநாள் அந்தத் தெருவழியே போன அண்ணாச்சி, கண்ணாடி அலமாரியில் தொங்கிய மூன்று புடவைகளைச் சற்று நின்று பார்த்துவிட்டு, கடைப்பையன் ஒருவன் வழியாக அத்தானுக்குச் சொல்லியனுப்பினார்: புதுக் குறியும் தெரிந்துவிட்டது, இதைவிடக் கடினமாக ஒன்று வேண்டுமானால் தாமே அமைத்துத் தருவதாக.

சென்ற மாதம் ஒரு தேர்வின் முடிவு வந்தது. அண்ணாச்சியைத் தாழ்வாரத்தில் காணாமல் மனம் கேளாது அவர் வீட்டுக்குப் போனேன். திண்ணையில், தேர்ச்சியடைந்தவர்களின் பதிவெண்கள் அச்சான தாளை விரித்துக்கொண்டு, பென்சிலும் கையுமாக இருந்தார். அவருடைய எண் அதில் இல்லை என்பதைத் தாயார் முகமே சொல்லிற்று. அவர் என்னை நிமிர்ந்து பார்த்த கண்களிலோ துக்கத்தின் சாயலே இல்லை. பூனை, நாய் வினாவைச் சொன்ன நாளில் இருந்த அதே ஒளி.

"வாங்க சார், இதைப் பாருங்க. இந்த ஆறு எண்ணுக்கும் இடையில வித்தியாசம் எடுத்தேன். மூணு, பதினொண்ணு, பதினாலு, இருபத்தஞ்சு, முப்பத்தொம்பது. மூணும் பதினொண்ணும் பதினாலு. பதினொண்ணும் பதினாலும் இருபத்தஞ்சு. பதினாலும் இருபத்தஞ்சும் முப்பத்தொம்பது. அப்ப அடுத்தது?"

"அறுபத்து நான்கு" என்றேன், மாணாக்கனைப் போல.

"அறுபத்து நாலு தள்ளி வரவேண்டிய எண் என்னோடது சார்! இவங்க எழுபத்தொண்ணு தள்ளி வேற எவனையோ போட்டிருக்காங்க."

உள்ளேயிருந்து காப்பித் தம்ளரோடு வந்த தாயார், அதை என் கையில் கொடுத்துவிட்டு, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எல்லாம் எம்பிள்ளை விதி, ஐயா" என்றாள்.

அண்ணாச்சி தாளிலிருந்து தலையை எடுக்கவில்லை.

"விதி சரியாத்தாம்மா இருக்கு. எழுபத்தொண்ணுதான் தப்பு."